முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பையனை மீட்கலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருபதாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு 11 வயதுப் பையனை வாத்து மேய்க்க அனுப்பிவிட்டது. இப்போது பாகூர் பக்கம் பட்டி போட்டிருக்கிறார்களாம். பணத்தைக் கட்டினால் பேசிக் கூட்டிவருகிறேன் என்கிறார் ஒருவர். தெருவில் வசூல் செய்து கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. செல்லாத கடனுக்குப் பணம் வாங்கினால் வாத்துக்காரருக்குத்தான் மூன்று ஆண்டு வரை சிறை.

'பேசி முடிக்கிறேன்' என்று வரும் ஆட்களிடம் ரொம்பவே ஜாக்கிரதையாக இருங்கள். பல நேரம் பையனை அனுப்பிவைத்த புரோக்கரே இவராகத்தான் இருப்பார், இரண்டு பக்கமும் கமிஷன் பார்ப்பார். சத்தமில்லாமல் பையனைக் கொண்டுவந்து விட்டால் வழக்கு இல்லை, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டான் என்ற விடுதலைச் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் அரசின் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியும் இல்லை. அடுத்த அறுவடைக்கு அதே ஆள் வேறு முன்பணத்தோடு அதே வீட்டு வாசலில் நிற்பார்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். 'பாகூர் பக்கம்' என்று மட்டும் சொன்னால் போதாது. அறுத்த வயலில் மேய்ச்சல் தீர்ந்ததும் பட்டியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் இன்றைக்கு எந்த ஏரி, எந்த வாய்க்கால் ஓரம் என்று கேட்டுச் சொல்லுங்கள். விடியற்காலை நல்ல நேரம், முட்டை பொறுக்கப் பையன் வாத்துகளை அடைத்திருக்கும் வலைப் பக்கத்திலேயே இருப்பான். நீங்களே கூட்டமாகப் போகாதீர்கள், அன்றைக்கு ராத்திரியே அவனை இடம் மாற்றிவிடுவார்கள்.

போலீஸில் 'பாகூர் புதுச்சேரியில் இருக்கிறது, எங்கள் எல்லை இல்லை' என்பார்கள். பெண்ணையாற்றைத் தாண்டினால் வேறு அரசு, சரி, அதற்காகக் குழந்தை வேறு நாட்டிலா இருக்கிறது? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். இதைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு முறையும் நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

வாத்துக்காரர் கடைசியாக எடுக்கும் ஆயுதம், 'சொந்தக்காரப் பையன், கூட மாட உதவுகிறான்' என்பது. 14 வயதுக்குக் கீழே குடும்பத் தொழிலில் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் ஒரு விலக்கு உண்டுதான். ஆனால் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப் பிறந்தவர்கள், அவ்வளவுதான். பங்காளி முறை, ஊர் முறையில் மாமா எல்லாம் அதில் வராது. உண்மையான தாய்மாமனாகவே இருந்தாலும் பள்ளி விட்ட பிறகோ லீவிலோ மட்டும்தான், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். பள்ளிக்கே போகாமல் வயலில் படுத்துக் கிடக்கிற பையனுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவார்கள். அவன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், அதுவும் குற்றம்.

அப்புறம், உங்கள் ஊராட்சியிலும் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் கையெழுத்து நோட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கூட்டம் போடச் சொல்லி, இந்த ஆண்டு பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளின் பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிப் பாருங்கள். அந்த புரோக்கர் வேறு எந்த வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.