புளூகிராஸ் கிடார் கலைஞர் டோனி ரைஸ் தன் குரலையும் கையையும் கவனிக்காமல் விட்டாரா? கடைசி ஏழு வருடம் மேடை ஏறாதது ரசிகர்களை ஏமாற்றியது ஆகாதா?

இந்தக் கேள்வியை நேற்று ராத்திரி பார்த்தேன், அப்புறம் தூக்கம் வரவில்லை. கேட்டவர் சின்ன வயசுக்காரராக இருக்க வேண்டும். பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, இவர் யார் என்று தேடிப்போய், குரல் போச்சு, கை போச்சு என்று படித்ததும் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'கவனிக்காமல் விட்டார்' என்ற அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராகவே சிலர் என்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, கிடாரும் வாசிக்கத் தெரியாது. வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். மாயவரம் பக்கத்தில் பிறந்தவள். கர்நாடக சங்கீதத்தையும் புளூகிராஸ் என்கிற அமெரிக்க மலைநாட்டு பான்ஜோ பாட்டையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று யாராவது சண்டைக்கு வரலாம். நான் ஒப்பிடப்போவது பாட்டை இல்லை, தொண்டையை. தொண்டை எல்லா ஊரிலும் ஒரே தசையால்தான் ஆனது.

டோனி ரைஸ் 1951ல் வர்ஜீனியாவில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவில். அப்பா, அண்ணன் தம்பிகள் எல்லோருமே வாசிப்பவர்கள். புளூகிராஸில் மாண்டலின், பான்ஜோ, ஃபிடில் (நம் வயலின்தான்), கிடார், பெரிய பேஸ் என்று சுற்றி நின்று, ஆளுக்கு ஒரு முறை முன்னால் வந்து தனி வாசிப்பார்கள். அதில் கிடாருக்கு ரொம்ப நாள் தாளம் பிடிக்கிற வேலைதான். அதை ஃபிடிலுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் வைட். ஒன்பது வயசுப் பையனாக டோனி அவரைப் பார்த்து, அவர் கையில் இருந்த 1935ஆம் வருடத்து மார்ட்டின் டி-28 கிடாரை வாங்கி ஒரு முறை வாசித்துப் பார்த்திருக்கிறார். 1973ல் குடித்துவிட்டு ஓட்டியவன் கார் மோதி கிளாரன்ஸ் இறந்துபோனார், 29 வயசு. அந்தக் கிடார் அதற்கு முன்பே வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. டோனி தேடிப்பிடித்து 1975ல் 550 டாலர் கொடுத்து வாங்கினார். பிறகு 1993ல் ஃபுளோரிடாவில் அவர் வீட்டில் வெள்ளம் புகுந்து கிடார் தண்ணீரில் கிடந்தபோதும் அதை விட்டுவிடவில்லை, சரிசெய்து திரும்ப வாசித்தார். பழைய அக்யூட்ரான் கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கடுகு அளவு பாகங்களை உட்கார்ந்து சேர்க்கிற ஒரு மனிதரையா 'பராமரிக்கத் தெரியாதவர்' என்கிறீர்கள்?

சரி, குரலுக்கு வருகிறேன். புளூகிராஸை உருவாக்கிய பில் மன்ரோவின் குரல் உச்சியில் நிற்கும். அதனால் உயர்ந்து ஒலிப்பதே அந்த இசைக்கு அழகு என்று ஆகிவிட்டது. பி-ஃபிளாட், பி என்று ஸ்ருதி பிடிப்பார்கள், கட்டை என்று ஸ்ருதியின் உயரத்தை எண்ணுகிற நம் கணக்கில் ஆறரை, ஏழு கட்டை. டோனியின் இயற்கையான குரல் தணிந்த, அகலமான ஆண் குரல். 1970களின் தொடக்கத்தில் கென்டக்கியில் ஜே. டி. குரோவின் குழுவில் சேர்ந்து, லெக்ஸிங்டனில் ஒரு ஓட்டலில் வாரத்தில் பல இரவு பாடினார். அதன் பிறகும் வருடக்கணக்காகத் தன் இடத்துக்கு மேலே நின்று பாடினார். குரோவோடு செய்த 1975 ஆல்பம், 1980களில் பழைய பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்த புளூகிராஸ் ஆல்பம் பேண்ட் எல்லாவற்றிலும் அந்தக் குரல் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது தேன், ஆனால் தொண்டை அதற்குக் கணக்கு எழுதிக்கொண்டே வந்தது. 1994ல் பாடுவது நின்றது. மசில் டென்ஷன் டிஸ்ஃபோனியா என்றார்கள். குரல்வளையைச் சுற்றியிருக்கும் தசை இறுகிப்போய், குரல் நாண்களைத் தன் போக்கில் அசைய விடாமல் பிடித்துக்கொள்வது. அதன்பின் பேசினாலே மணலில் செருப்பு தேய்கிற மாதிரி ஒரு கரகரப்புதான்.

எனக்கும் அதே வியாதிதான் வந்தது.

நான் கற்றுக்கொண்ட வீட்டில் பெண் பிள்ளை என்றால் ஆறு கட்டை. சொல்லிக்கொடுத்த மாமி ஸ்ருதிப் பெட்டியைத் திருப்பி வைப்பார், நாங்கள் ஏழெட்டுப் பேர் அதில் ஏற வேண்டும். எனக்குத் தாரஸ்தாயி காந்தாரம் வந்தாலே கழுத்து நரம்பு புடைக்கும். 'வாயைத் திற, பயப்படாதே' என்பார். மாமி கெட்டவர் இல்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் குரலுக்கு நாலரைகூட அதிகம் என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தால் பாடவே லாயக்கில்லை என்று அர்த்தமாகியிருக்கும். கல்யாணம், குழந்தை, அமெரிக்கா எல்லாம் ஆகி, இங்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதும் அதே ஆறு கட்டைதான். சனி ஞாயிறு இரண்டு நாளும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை.

2011 நவராத்திரி சமயம் மேல் ஷட்ஜத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. சளி என்று நினைத்தேன். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தை மாதம் வந்தபோது தொலைபேசியில் என் அம்மாவுக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. யாரோ ஆம்பிள்ளை எடுத்திருக்கிறான் என்று வைத்துவிட்டாள். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, 'அசுர சாதகம் பண்ணியிருந்தா இப்படி ஆகுமா, கவனிக்காம விட்டுட்டே' என்றார். நான் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, பண்ணியதால்தான் அப்படி ஆனது. அதை அவருக்குச் சொல்லக் குரல் வரவில்லை.

வகுப்பை நிறுத்தினேன். இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். நிறுத்துகிறேன் என்று சொன்னபோது பதினாலு வீட்டில் ஒன்பது வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி, 'அப்போ ஏப்ரல் போட்டிக்கு யார் தயார் பண்ணுவா?' பிள்ளைக்கு வராத ஸ்ருதியில் மூன்று மாதத்தில் ஒரு கிருதியை ஏற்றி மேடையில் நிறுத்த வேண்டும், வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். பத்து வயசுக் குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுகிறது, அம்மா கண்ணைக் காட்டி 'பாடு' என்கிறாள். இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், நானும் எத்தனை தடவை அனுமதித்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. கோபப்படுகிற பெற்றோர் கோபப்படட்டும்.

2013 செப்டம்பரில் புளூகிராஸ் சங்கத்தின் வருடாந்திர விழா முதல் முறையாக எங்கள் பக்கத்து ஊரான ராலேவுக்கு வந்தது. என் பையன் பள்ளியில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். ஃபிடில் பைத்தியம் பிடித்த அவனுடைய வாத்தியார் விருது இரவுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். எனக்கு எந்தப் பாட்டுக்கும் போக மனசில்லாத காலம். பையனுக்குத் துணையாகத்தான் போனேன். மேலே, கடைசிக்கு நாலு வரிசை முன்னால் இருக்கை.

அன்றைக்கு டோனி ரைஸை புளூகிராஸ் மேதைகளின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஒல்லியாக, உயரமாக, கோட்டு சூட்டில் வந்து மைக் முன்னால் நின்றார். பேச ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அது என் குரல், இரண்டு வருடமாக என் வீட்டில் ஒலிக்கிற அதே மணல் சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே பேசினார். பிறகு நிறுத்தி, பழைய குரலை மீட்கப் பயிற்சி செய்துவருவதாகச் சொல்லி, வாயை மெல்ல அசைத்துப் பார்த்துக்கொண்டு, தணிந்து, அடியிலிருந்து ஒரு குரலை எடுத்தார். கரகரப்பு இல்லை, முழுசாக இருந்தது. அவர் பாடவில்லை, சில வாக்கியங்கள் பேசினார், அவ்வளவுதான். பெரிய அரங்கில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். என் பையன் என் கையைப் பிடித்து, 'அம்மா, நீயும் போய்க் காட்டும்மா' என்றான். அந்த இரவில்தான் டோனி கடைசியாகப் பொதுவில் கிடாரும் வாசித்தார்.

அந்த மாதமே குரல் பயிற்சியாளரிடம் போனேன். பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை விட்டு, 'ஊ' என்று ஒலித்துக்கொண்டே ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வந்தால் தொண்டை தளர்ந்திருக்கிறது, திக்கித் திக்கி வந்தால் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூடவே தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் நீவிவிடுவார். முதல் நாள் அவர் விரல் பட்டதும் வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து மாதம் சமையலறையில் நின்று தினமும் குமிழி விட்டேன். முதலில் வந்தது கீழ் ஸ்தாயியில் இருக்கிற மந்தர பஞ்சமம். இன்றைக்கு நாலு கட்டையில் பாடுகிறேன், சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை முதல் நாள் வந்தால் ஸ்ருதிப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் பேசச் சொல்லிக் கேட்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பாட்டு நின்ற பிறகும் டோனி சும்மா இருக்கவில்லை. பத்தொன்பது வருடம் பாடாமல் கிடார் மட்டும் வாசித்தார். புளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிடார் கலைஞர் விருதை ஆறு முறை வாங்கியவர். பிறகு முழங்கையில் டென்னிஸ் எல்போ என்கிற தசைநாண் வலி, கூடவே மூட்டுவாதம். வலது கை மணிக்கட்டிலிருந்து அத்தனை வேகமாக, அத்தனை சுத்தமாகப் பிக் (தந்தியை மீட்டுகிற சின்ன வில்லை) அடித்த கை அது. அவர் நினைத்திருந்தால் வந்து நின்று நாலு தந்தியைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம், டிக்கெட் விற்றிருக்கும், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். விட்ட இடத்திலிருந்தாவது வாசிக்க முடிந்தால்தான் மேடைக்கு வருவேன், என்னை நம்பி வருகிறவர்களைக் கைவிட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பணத்துக்குக் கஷ்டம் இருந்த காலத்திலும் அப்படியே இருந்தார். ஏமாற்றுவது என்று இதையா சொல்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. அரைக் குரலோடு கச்சேரி ஒப்புக்கொண்டு, பக்கவாத்தியத்தின் மேல் பழியைப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2020 கிறிஸ்துமஸ் காலையில், ரீட்ஸ்வில்லில் அவர் வீட்டில், காபி போட்டுக்கொண்டிருந்தபோது உயிர் போனது. 69 வயசு. அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். செய்தி வந்த அன்று பையன் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தான். ஒன்றும் பேசாமல் ஃபிடிலை எடுத்து மாடிக்குப் போனான். நான் அடுப்படியில் பாலை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

நீங்கள் வேகமான வாசிப்பைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1983ல் வந்த 'சர்ச் ஸ்ட்ரீட் புளூஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். பான்ஜோ இல்லை, ஃபிடில் இல்லை, பெரும்பாலும் அவரும் கிடாரும் மட்டும். அதில் குரலை மேலே தள்ளவில்லை, தன் இடத்தில் வைத்துப் பாடியிருக்கிறார். அந்த இரவு ராலேயில் சில நிமிடம் நான் கேட்டது அந்தக் குரலைத்தான்.