கர்தினால் சின்னும் நான்கு நாள் புரட்சியும்: கேள்வி பதில்

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸை மக்கள் வீட்டுக்கு அனுப்பியபோது மணிலா பேராயராக இருந்து, வானொலியில் மக்களைத் தெருவுக்குக் கூப்பிட்டவர் கர்தினால் ஹைமே சின். அவரைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

நாகர்கோவில் வாசகர்: ஒரு பேராயர் கூப்பிட்டதும் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்துவிட்டார்களா?

கூப்பிட்டதும் வரவில்லை, மூன்று வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. 1983-இல் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவை மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 1986 பிப்ரவரி 7-இல் நடந்த தேர்தலில், கணினியில் வாக்கு எண்ணிய ஊழியர்களே கணக்கு உதைக்கிறது என்று பாதியில் எழுந்து போனார்கள். மோசடியில் வந்த ஆட்சிக்குத் தார்மீக அடிப்படை இல்லை என்று அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர் பேரவை அறிக்கை விட்டது. 22-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேவும் ஜெனரல் ராமோஸும் மார்க்கோஸை எதிர்த்து ராணுவ முகாமுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். அன்றிரவுதான் சின் கத்தோலிக்க வானொலியான ரேடியோ வெரித்தாஸில் பேசினார். வீராவேசமெல்லாம் இல்லை. அவர்களுக்குத் துணையாகப் போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள் என்றார், அவ்வளவுதான். (நம் ஊரில் சிற்றலையில் கேட்ட வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் அதே குடும்பம்தான்.)

மதுரை வாசகர்: பேசுவதற்குத் தயங்கினாராமே?

தயங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ராணுவம் சுட்டிருந்தால் பழி அவர் தலையில்தானே விழும்? முதலில் மடத்தை விட்டு வெளியே வராத தியானத் துறவியருக்குப் போன் செய்தார். நோன்பிருந்து, கைகளை விரித்துச் செபிக்கச் சொன்னார். அப்புறம்தான் வானொலி.

திருச்சி வாசகர்: மார்க்கோஸ் அனுப்பிய டாங்கிகள் ஏன் நின்றன?

ராணுவ முகாம் இருந்த எட்சா சாலையில் டாங்கிகளுக்கு எதிரே அருட்சகோதரிகள் செபமாலையோடு முழந்தாளிட்டிருந்தார்கள். சிப்பாய்களுக்கு மக்கள் பூவும் தின்பண்டமும் நீட்டினார்கள். உள்ளே இருந்த பையன்களும் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள்தானே. 25-ஆம் தேதி இரவு மார்க்கோஸ் கிளம்பிவிட்டார். தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற, நினோயின் மனைவி கோரி அக்கினோ அதிபரானார்.

சென்னை வாசகர்: முன்பு மார்க்கோஸோடு ஒத்துப்போனவர்தானே சின்?

ஆமாம். 'விமர்சனத்தோடு ஒத்துழைப்பு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அதில் ஒத்துழைப்பு கொஞ்சம் அதிகம் என்று சொன்னவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாளையங்கோட்டை வாசகர்: பெயரே 'சின்'னா?

பிறப்பிலேயே வந்த பெயர், அப்பா சீன வம்சாவளி. ஆங்கிலத்தில் பாவம் என்று பொருள் வருமே, விருந்தினரை "பாவத்தின் இல்லத்துக்கு வருக" என்றுதான் வரவேற்பாராம்.

கோவை வாசகர்: 2001-இலும் அவர்தானே?

ஊழல் புகாரில் சிக்கிய அதிபர் எஸ்த்ராதாவுக்கு எதிராக அப்போதும் மக்களை எட்சாவுக்குக் கூப்பிட்டார். ஆனால் எஸ்த்ராதா முறையாகத் தேர்தலில் ஜெயித்தவர், அதனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பதவி போய்ச் சில மாதத்தில் எஸ்த்ராதா கைதானதும் சேரி மக்கள் திரண்டு வந்து அதே எட்சாவில் இருக்கும் மாதா கோயில் முன்னால் உட்கார்ந்தார்கள். சின் அவர்கள் பக்கம் நிற்கவில்லை.