முதல் வாரமே களிமண் வேண்டாம்: கேள்வி பதில்

கே: ஓவியப் படிப்பை இப்போதுதான் முடித்தேன். பேரிடரில் சிக்கிய 8–10 வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

ப: கைக்கு அடங்குகிற பொருளில். தடித்த மெழுகு கிரேயான், ஏ3 தாள். தாளின் நான்கு மூலையையும் டேப் போட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். தாள் நழுவினாலே கசக்கி எறிகிற பிள்ளைகள் உண்டு. நீர்வண்ணமும் ஈரக் களிமண்ணும் மூன்றாம், நான்காம் வாரத்துக்கு இருக்கட்டும். அவை வழியும், கலந்து சேறாகும். எல்லாமே கைமீறிப் போன பிள்ளைக்குத் தாளும் கைமீறினால் பதற்றம்தான் கூடும். குழுவில் 6 முதல் 8 பேர் போதும். பெரியவர்கள் இருவர் வேண்டும்: ஒரு பிள்ளை அழுதுகொண்டு வெளியே போனால் ஒருவர் பின்னால் போக, மற்றவர் அறையில் இருக்க.

கே: நடந்ததை வரையச் சொல்லலாமா?

ப: கூடாது. அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வேலை. ‘என் வீடு’, ‘என் குடும்பம்’ என்ற தலைப்புகளும் வேண்டாம். வீட்டை இழந்த பிள்ளை என்ன வரையும்? கண்ணை மூடி ஒரு கிறுக்கல், அதில் ஒரு விலங்கைத் தேடுதல், இப்படித் தொடங்குங்கள். நடந்ததைத் தானாகவே வரைந்தால் தடுக்க வேண்டாம். “இது என்ன?” என்று கேட்காமல், “இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?” என்று கேளுங்கள்.

கே: ஒரு சிறுமி எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைகிறாள்.

ப: மற்ற கிரேயான்கள் அவள் கைக்கு எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். நிறத்தை வைத்து மனதைக் கணிக்க முடியாது. ஒரே படம் வாரக்கணக்கில் மாறாமல் வந்து, வரைந்தபின் அவள் இன்னும் இறுகிப்போனால் உளநல வல்லுநரிடம் சொல்லுங்கள்.

கே: களிமண் பொம்மையின் கை கழன்றதும் ஒரு சிறுவன் தேம்பிவிட்டான்.

ப: ஒட்டும் இரு பக்கத்தையும் கீறி, நீரில் குழைத்த மண்கூழ் தடவி அழுத்தவில்லை என்றால் கழலும். மெல்லிய கை முந்திக் காய்ந்து சுருங்குவதாலும் கழலும். பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள். காய்ந்த மண்ணில் கூழ் பிடிக்காது, வெள்ளைப் பசைதான். அவன் இல்லாதபோது நீங்களே ஒட்டி வைக்காதீர்கள். அவன் கையாலேயே ஒட்டட்டும்.

கே: இப்படி வகுப்பு நடத்தும் அமைப்பு எங்களுடையது. வகுப்பெடுக்கும் இளம் கலைஞர்களுக்கு எவ்வளவு நேரத்துக்கு ஊதியம் தருவது?

ப: ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம்: தயாரிப்பு, துப்புரவு, பிறகு மூத்தவர் ஒருவரோடு 20 நிமிடப் பேச்சு எல்லாம் சேர்த்து. அந்தப் பேச்சைத்தான் முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள். பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும் என்பதைக் கலைஞர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

கே: படங்களைக் கண்காட்சியில் வைக்கலாமா?

ப: படம் பிள்ளையுடையது. பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்; நன்கொடை கேட்கும் சுவரொட்டிக்கு அந்தச் சம்மதம் செல்லாது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் முகாமில், அங்கே அடைபட்டிருந்த ஓவியர் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் பிள்ளைகளைத் தம் பெயரைப் படத்தில் எழுதச் சொன்னார். நீங்களும் சொல்லுங்கள். அந்தப் பெயரை வெளியே காட்டலாமா என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.