வளையல் போட்டால் கேவலமா?

கேள்வி: கார்ட்டூன்களில் பெண் என்றால் ஒன்று பூரிக்கட்டையோடு நிற்கிறாள், இல்லாவிட்டால் மாதர் சங்கத் தலைவியாகக் கைப்பையோடு கிளம்புகிறாள். எரிச்சலாக இருக்கிறது என்று சொன்னால், ‘சிரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே’ என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நான் உங்கள் கட்சி. அந்த மாதர் சங்கத் தலைவியையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. அவர் மேடையில் முழங்கிக்கொண்டிருக்க, வீட்டில் புருஷன் பாத்திரம் தேய்ப்பார். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் அச்சடித்த தபால் அட்டைகளிலும் இதே படம்தான்: மனைவி கூட்டத்துக்குப் போய்விட்டாள், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு கணவன் திண்டாடுகிறான். அங்கே 1928-இல் பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டுரிமை கிடைத்துவிட்டது, நம் ஜோக் பக்கங்களில் இன்னும் அந்தப் படம் வந்துகொண்டிருக்கிறது.

சரி, நிஜமான மாதர் சங்கம் என்ன செய்தது? 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள், ஓட்டு கேட்டார்கள். 1921-இல் சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல் (சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்). அந்தச் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் போய், துணைத் தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-இல்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டவர்களைக் கைப்பையும் பட்டுப்புடவையுமாகவே நினைவில் வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

அரசியல் கார்ட்டூனில் இன்னும் மோசம். ஒரு ஆண் தலைவரைக் கையாலாகாதவர் என்று காட்ட வேண்டுமா, உடனே கையில் வளையலை மாட்டிவிடுகிறார்கள், சேலை கட்டிவிடுகிறார்கள். அவரைத் திட்டியதாக நினைத்துக்கொண்டு, வளையல் போட்ட கையோடு காலையில் அந்தப் பத்திரிகையைப் பிரிக்கிற ஒவ்வொருத்தியையும் திட்டுகிறார்கள். வாக்காளரை வரைந்தால் வேட்டி சட்டையில் ஒரு ஆண். பெண் வருவதென்றால் விலைவாசி ஏற வேண்டும், காலி சிலிண்டரோடு ஓரமாக நிற்பாள். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் இன்றைக்கு ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம், ஐயா!

எங்கள் பத்திரிகைக்கே கொஞ்ச நாள் முன்னால் ஓர் ஓவியரிடமிருந்து ஒரு படம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவி மூலையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறார், அவருடைய நாற்காலியில் கணவர் சாய்ந்துகொண்டு போனில் அதிகாரியிடம் பேசுகிறார், கீழே ‘இதுதான் 50 சதவீதம்’ என்று ஒரு வரி. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் இங்கே சட்டம் வந்ததைச் சொல்கிறாராம். இப்படி நடக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நிறைய ஊரில் நடக்கிறது. ஆனால் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவளைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்? ஓவியரைக் கூப்பிட்டு இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வேறு படம் வந்தது. தலைவி நாற்காலியில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் கணவர் அதே நாற்காலியின் நுனியில் பாதி இடுப்பை நுழைத்து இடம் பிடிக்கப் பார்க்கிறார், ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்த இதழிலேயே போட்டிருக்கிறோம், உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.