தம்பிக்கு வைத்த நகையும் அக்காவின் கடைவாய்ப் பல்லும்

கேள்வி: எனக்கு 53 வயது. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். சம்பளம் 14,500. வீட்டுக்காரர் கைலி நெய்கிறார், மாதம் 8,000 வரும். ஒரே பெண்ணைக் காட்பாடியில் கட்டிக் கொடுத்துவிட்டோம். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து வருடத்தில் ஐந்து பல் போய்விட்டது: கீழே இடது பக்கம் கடைசி இரண்டு, கீழே வலது பக்கம் நடுவில் ஒன்று, மேலே இடது பக்கம் அடுத்தடுத்து இரண்டு. இட்லியைக் கூட சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் சிரித்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

பல் கிளினிக்கில் கேட்டேன். ஐந்துக்கும் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்துக் கட்டும் பல்) போட 1,90,000 ஆகும், ரொக்கமாகக் கட்டினால் 1,70,000 என்றார்கள். ரொக்கம் இல்லையென்றால் ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் வட்டியில்லாத் தவணை: 18 மாதம், மாதம் 10,556, பிராசஸிங் கட்டணம் 6,000. பிரிட்ஜ் (இரு பக்கத்துப் பல்லையும் ராவி, அவற்றின் மேல் உறை மாட்டி நடுவில் பல் கட்டுவது) என்றால் ஒரு கேப், அதாவது ஒரு உறை, 5,000. கழற்றி மாட்டும் பல்செட்டு மேலும் கீழும் சேர்த்து 8,000. செட்டு போட்டால் கிழவி மாதிரி ஆகிவிடுவீர்கள் என்கிறாள் தம்பி மனைவி.

என் நகை 11 சவரன். பேங்கில் 5 சவரன் வைத்து 1,80,000, வட்டி 9 சதவீதம். ஃபைனான்ஸில் 3 சவரன் வைத்து 1,20,000, வட்டி 18 சதவீதம். இரண்டும் பள்ளிகொண்டாவில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பிக்காக வைத்தது. மூன்று வருடமாக வட்டியை நான்தான் கட்டித் திருப்பி வைக்கிறேன். அவன் இதுவரை 22,000 கொடுத்திருக்கிறான். இப்போது கடைக்குச் சரக்குப் போட மீதி 3 சவரனையும் கேட்கிறான். வீட்டுச் செலவு 17,000 போகிறது. நகையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பல்லைத் தவணையில் கட்டிக்கொள்ளலாமா? இம்ப்ளாண்ட் நல்லதா, பிரிட்ஜ் நல்லதா?

பதில்: அம்மா, இம்ப்ளாண்டா பிரிட்ஜா என்பதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. பேங்கு வட்டி வருடத்துக்கு 16,200. ஃபைனான்ஸ் வட்டி 21,600. சேர்த்து 37,800. மூன்று வருடத்துக்கு 1,13,400. தம்பி கொடுத்த 22,000-ஐக் கழித்தால், உங்கள் கையிலிருந்து போனது ஏறக்குறைய 91,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஷூ கம்பெனியில் நின்றுகொண்டு சம்பாதித்ததில் ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட சம்பளம் அது. இந்த 91,000-ஐ நினைவில் வையுங்கள், திரும்பவும் தேவைப்படும்.

வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது. நகை பத்திரமாக இருக்கிறது, வட்டியும் பாக்கியில்லை என்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். அதனால்தான் மூன்று வருடம் ஓடியது தெரியவில்லை.

பல் விஷயத்தில் இந்தத் தாமதத்துக்குத் தனி விலை உண்டு. ஒரு பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரையும். பக்கத்துப் பல் அந்தக் காலியிடத்தை நோக்கிச் சாயும். எதிர் வரிசைப் பல், கடிக்க எதுவும் இல்லாமல் இறங்கி வரும். கீழே வலது பக்கம் ஒரு பல் போனவுடனே மூன்று கேப் வைத்த பிரிட்ஜ் போட்டிருந்தால், இன்றைய ரேட்டிலேயே 15,000-ல் முடிந்திருக்கும். அந்தப் பக்கம் நன்றாக மென்றிருப்பீர்கள். உங்கள் வாய்க்கு வரவேண்டிய பணம் மாதாமாதம் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

சரி, அந்த வட்டியில்லாத் தவணை. ரொக்கமாகக் கொடுத்தால் 1,70,000 என்றால் அதுதான் உண்மையான விலை. தவணையில் நீங்கள் கட்டப்போவது 1,90,000-மும் கட்டணம் 6,000-மும், ஆக 1,96,000. கூடுதலாகப் போகும் 26,000-க்கு வேறு என்ன பெயர்? மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 19 சதவீத வட்டி வருகிறது. உங்கள் ஃபைனான்ஸ் நகைக்கடனைவிடவும் அதிகம். பூஜ்ஜிய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அந்த வட்டி கட்டணத்திலோ விலையிலோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இதுபோன்ற கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வட்டி விகிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், தவணை எங்கிருந்து வரும்? இரண்டு பேர் வருமானம் 22,500. செலவு 17,000, நகை வட்டி மாதம் 3,150. மிச்சம் 2,350. தவணை 10,556. மாதாமாதம் 8,200 குறைகிறது. மூன்றாம் மாதமே நகைதான் நினைவுக்கு வரும். அதையும் தம்பியிடம் கொடுத்திருப்பீர்கள்.

இன்னொன்று. இம்ப்ளாண்ட் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. டைட்டானியம் ஸ்க்ரூவைத் தாடை எலும்பில் வைத்து, அது எலும்போடு பிடிக்கப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம்தான் மேலே பல் கட்டுவார்கள். வேலை கட்டம் கட்டமாக நடக்கும்போது பணத்தையும் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்க வேண்டும். கடன் எடுத்தால் ஃபைனான்ஸ் கம்பெனி மொத்தப் பணத்தையும் முதலிலேயே கிளினிக்குக்குக் கொடுத்துவிடும். நடுவில் ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் போனாலும், உங்களுக்கு டாக்டரை மாற்றத் தோன்றினாலும் தவணை நிற்காது.

இனி பல். எந்தப் பல்லுக்கு எது என்பதை உங்கள் வாயைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஐந்து பல் போனால் ஐந்து இம்ப்ளாண்ட் என்பது சட்டம் இல்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கீழே வலது பக்கத்தில் முன்னும் பின்னும் பல் இருக்கிறது. அந்த இரண்டும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தவையோ பெரிதாக அடைத்தவையோ என்றால் அவற்றுக்கு எப்படியும் கேப் தேவைப்படும், அங்கே பிரிட்ஜ் புத்திசாலித்தனம். இரண்டும் சொத்தையே இல்லாத நல்ல பல் என்றால், ஒரு பல்லுக்காக அவற்றை ராவிவிடுவது நஷ்டம்தான். அந்த இடத்தில் இம்ப்ளாண்டுக்குக் கொடுக்கும் 38,000 (1,90,000-ல் ஐந்தில் ஒரு பங்கு) வீண் இல்லை. பிரிட்ஜைத் தாங்கும் பல்லில் ஒன்று சொத்தையானாலும் மொத்தமாகக் கழற்ற வேண்டி வரும் என்பதையும் யோசியுங்கள்.

கீழே இடது பக்கம் கடைசி இரண்டும் போனதால் பின்னால் பிடிமானம் இல்லை. அங்கே சாதாரண பிரிட்ஜ் நிற்காது. செட்டு, இல்லையென்றால் இம்ப்ளாண்ட். ஆனால் இரண்டும் தேவையா? முதல் கடைவாய்ப் பல் வரை இருந்தாலே பலருக்கு மெல்லப் போதும், ஆகக் கடைசிப் பல்லை நிரப்பாமலே விடுவதும் உண்டு. ஒன்று போதுமா என்று நேராகக் கேளுங்கள், 38,000 மிச்சம்.

மேலே இடது பக்கத்தில் எலும்புக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. பல் போய் நாளானால் அங்கே எலும்பு மெலிந்திருக்கும். இம்ப்ளாண்டுக்கு முன் எலும்பு வைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு 1,90,000-க்குள் அடங்கியதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரு பக்கத்துப் பல்லும் பலமாக இருந்தால் நாலு கேப் பிரிட்ஜ், 20,000.

செட்டைப் பற்றி உங்கள் தம்பி மனைவி சொன்னதை விட்டுவிடுங்கள். முதல் சில வாரம் தொந்தரவாகத்தான் இருக்கும், கீழ்ச் செட்டு பழக நாளாகும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கம்பி பிடிக்கிற பல்லைச் சுற்றி உணவு தங்கும் என்பதால் சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஆனால் 8,000 ரூபாயில் அடுத்த மாதமே இரண்டு பக்கமும் மெல்லலாம். மற்ற வேலைகளை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் செய்ய அது நேரம் வாங்கிக் கொடுக்கும். ஒரேயடியாக வருடக்கணக்கில் தள்ளிப் போடவும் வேண்டாம். எலும்பு காத்திருக்காது, செட்டு அதைத் தடுக்கவும் செய்யாது.

செட்டு 8,000, வலது பிரிட்ஜ் 15,000, மேல் பிரிட்ஜ் 20,000, இடது கீழே ஒரு இம்ப்ளாண்ட் 38,000. மொத்தம் 81,000. தம்பிக்காகக் கட்டிய அந்த 91,000 வட்டிக்குள் இது அடங்கி, பத்தாயிரம் மிஞ்சியும் இருக்கும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. வீட்டிலிருக்கும் 3 சவரனை அடகு வைக்காமல், அதில் 2 சவரனை விற்றுவிடுங்கள். இன்று ஒரு சவரனுக்குக் கிடைப்பது 2019-ல் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சேதாரம் கழித்தாலும் 1,20,000-க்கு இரண்டு சவரன் போதும். அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொண்டு வராமல் அதே நாளில் ஃபைனான்ஸ் கடனை அடைத்து 3 சவரனை மீட்டு வாருங்கள். நகையை விற்கக் கூடாது என்று மனம் தடுக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் 3 சவரன் இருந்த இடத்தில் 4 சவரன் இருக்கும், 18 சதவீதக் கடன் தீர்ந்திருக்கும், மாத வட்டியில் 1,800 குறைந்திருக்கும்.

அப்போது மாத மிச்சம் 4,150. இரண்டு மாதத்தில் செட்டு. அடுத்த நாலு மாதத்தில் வலது பிரிட்ஜ். எல்லாம் முடிய இருபது மாதம், தீபாவளி போனஸைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். பேங்கு வட்டி 1,350-ஐத் தம்பி ஏற்றுக்கொண்டால் பதினைந்து மாதம். பி.எஃப். பணத்தை மட்டும் தொட வேண்டாம், ஐந்தாறு வருடத்தில் ஓய்வு வருகிறது.

தம்பியிடம் என்ன சொல்வது? வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகச் சொல்லுங்கள்: புதிதாக நகை இல்லை, பேங்கில் இருக்கும் 1,80,000 உன் கடன், மாதம் 5,000 அந்தக் கடன் கணக்கிலேயே கட்டு, ரசீதை எனக்குக் காட்டு. கையில் கொடுக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்குக்குப் பணம் வேண்டுமென்றால் சிறு கடைக்காரர்களுக்கு முத்ரா கடன் இருக்கிறது. 50,000 வரை ஒரு பிரிவு, 5 லட்சம் வரை இன்னொரு பிரிவு, அடமானம் கேட்பதில்லை. கடைக் கணக்கைப் பார்த்து பேங்கு தயங்கினால், அதே கணக்கைப் பார்க்காமலே நீங்கள் மூன்று வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவனுக்குக் கோபம் வரலாம். சில மாதம் வீட்டுக்கு வராமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்குத் திரும்பிப் போவதற்கு முன் இரண்டு இடத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு மாதம் 109 ரூபாய் போல் பிடிப்பார்கள். பல் பிடுங்குவது, சுத்தம் செய்வது, அடைப்பது போன்றவற்றை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், சுகர் பரிசோதனையையும் சேர்த்து. மூன்று மாதச் சராசரி சர்க்கரை கட்டுக்குள் வராமல் இம்ப்ளாண்ட் பக்கமே போக வேண்டாம், புண் ஆறுவதும் ஸ்க்ரூ பிடிப்பதும் கெடும். இரண்டாவது, இன்னொரு டாக்டரின் கருத்து. வேலூர் சி.எம்.சி.யில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறையும், ஆனால் பல தடவை ரயிலேறிப் போய் வர வேண்டும், லீவு போட்ட சம்பளத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே நாளில் முழு வரிசை, நாலு ஸ்க்ரூவில் எல்லாப் பல்லும் என்று பேனர் வைக்கிறார்கள். அது எல்லாப் பல்லும் போனவர்களுக்கும், இருக்கிற பல்லும் காப்பாற்ற முடியாதவர்களுக்கும் உரிய சிகிச்சை. உங்களுக்கு இருபதுக்கு மேல் நல்ல பல் இருக்கலாம். அதில் ஒன்றைக்கூட அந்தத் திட்டத்துக்காகப் பிடுங்க விடாதீர்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்றால் ஸ்க்ரூவுக்கு மட்டுமா, மேலே கட்டும் பல்லுக்கும் கைவேலைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால் இன்றைக்கே அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து நிறுத்தச் சொல்லுங்கள். செல்போன் செயலி வழியாக எடுத்த கடன் என்றால், அபராதம் இல்லாமல் அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கொடுத்து விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசம் தர வேண்டும். எத்தனை நாள் என்பது உங்கள் கடன் தாளில் இருக்கும்.