ஆறு பேருக்கு ஐந்து துண்டு மீன்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. 50 கிலோ இருந்தவர், ஒரு வருடத்தில் 46க்கு வந்துவிட்டார். கையில் கிடக்கும் காப்பு முழங்கை வரை ஏறுகிறது. பாயில் இருந்து எழும்பக் கதவு நிலையைப் பிடிக்கிறார். அவருடைய சீதன வீட்டில்தான் நான், கணவர், மூன்று பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறோம். சாப்பாட்டில் ஒரு குறையும் வைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் மீன் வாங்குவேன். ஐந்து துண்டு போட்டால் காணும், அம்மா குழம்போடு சாப்பிட்டுவிடுவார், அவர் எப்பவும் அப்படித்தான். கட்டாரில் இருக்கும் தம்பி புரோட்டீன் பவுடர் அனுப்பட்டுமா என்று கேட்கிறான். எந்த வகை நல்லது?
- வாசகி, கல்லடி

பதில்: மகள், பவுடரைப் பிறகு பார்ப்போம். நான் உங்கள் வீட்டு மீன் துண்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் ஆறு, துண்டு ஐந்து. 'ஒரு குறையும் வைப்பதில்லை' என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

'எப்பவும் அப்படித்தான்' என்றால் எப்போதிருந்து? முதலில் உங்கள் அப்பாவுக்கு வைத்தார், பிறகு உங்களுக்கும் தம்பிக்கும். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு. இத்தனை வருடம் வேண்டாம், வேண்டாம் என்று பழகிய வாய் இன்றைக்குத் திடீரென்று 'எனக்கும் ஒரு துண்டு தா' என்று கேட்குமா? நானும் இந்தப் பொய்யைச் சொன்னவள்தான். மீன் மணமே பிடிக்காது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ச் சட்டியில் ஒட்டிக்கிடந்த முள்ளைச் சூப்பியிருக்கிறேன். உங்கள் அம்மாவின் 'காணும்' என்னிடம் செல்லாது.

நம் மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அது எனக்குப் பெருமை. ஆனால் வீட்டை மகளுக்கு விட்ட தாய், அதே வீட்டுக் குசினியில் கடைசி ஆளாகக் குந்தியிருந்து சட்டியை வழிக்கிறார் என்றால் அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீங்கள் கவனிக்கவில்லை என்றால் நம்புகிறேன். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

வயது போனால் சாப்பாடு குறைவாகக் காணும் என்று ஊரெல்லாம் பேசுவார்கள். சோறு குறையலாம், புரதம் குறையக் கூடாது. இளம் ஆட்களின் தசை கொஞ்சப் புரதத்திலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வயதான தசைக்கு அதே வேலையைச் செய்யக் கூடுதலாக வேண்டும். வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. 65 தாண்டியவர்களுக்கு அது போதாது, 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று சொன்னது. உங்கள் அம்மாவின் எடைக்கு நாளுக்கு 46 முதல் 55 கிராம் வருகிறது. காலையில் இடியப்பமும் சம்பலும், பகல் சோறும் குழம்பும், இரவு பாணும் தேத்தண்ணியும் என்றால் 30ஐத் தொடுவதே பாடு. குழம்பில் ருசி இறங்கும். புரதம் பெரும்பாலும் சதையிலேதான் நிற்கும், அந்தச் சதையை நீங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டுவிடுகிறீர்கள்.

மீன் விலை எனக்கும் தெரியும். பெரிய மீனை ஒரு நாளைக்கு விடுங்கள், நெத்தலி, சூடை வாங்குங்கள். சின்ன மீனில் துண்டுக் கணக்கே இல்லை, அள்ளித்தான் வைக்க வேண்டும். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்கும் நல்லது. கருவாடு என்றால் உப்பு ஊறிப் போகும் மட்டும் தண்ணீரில் போடுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அடிக்கடி வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அவித்த பயறு, கௌப்பி, கட்டிப் பருப்பு, சோயா மீட் எல்லாம் கை கொடுக்கும். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கட்டாரில் இருந்து ரின் இறக்க நினைக்கிறீர்களே! எல்லாவற்றையும் பகலில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். காலைச் சாப்பாட்டில்தான் ஓட்டை பெரிது.

பவுடர் கெட்டது என்று சொல்லவில்லை. மெல்ல முடியாதவர்களுக்கும் நோயில் விழுந்து எழும்பியவர்களுக்கும் உதவும். உங்கள் வீட்டில் அது ஆறாவது துண்டு மீனுக்குப் பதிலாக வரப்போகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஒரு வருடத்தில் 4 கிலோ காரணமில்லாமல் இறங்குவதைச் சாப்பாட்டின் தலையில் மட்டும் போட்டுவிட்டு இருக்க முடியாது. இந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். சீனி, தைரொயிட், பல், நெஞ்சு எல்லாம் பார்க்கட்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினினையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் பழுது இருந்தால் மேலே நான் சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது, டொக்டர் சொல்லும் அளவுதான்.

சாப்பிட்ட புரதம் தசையில் ஏற வேண்டுமென்றால் தசைக்கு வேலையும் வேண்டும். சுவரோடு ஒரு கதிரையைப் போட்டு, கை ஊன்றாமல் எழும்பி உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் மூன்று தரம் முடிந்தால் போதும், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். 'அம்மா, நீங்க இருங்க, நான் செய்றன்' என்று எல்லா வேலையையும் பறிக்கவும் வேண்டாம்.

நாளைக்கு மீனை ஆறாக வெட்டச் சொல்லுங்கள். அம்மாவிடம் வேண்டுமா என்று கேட்காதீர்கள், கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரவைத்து, முதல் துண்டை அவருடைய கோப்பையில் போடுங்கள். சின்னவன் பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார், அதனால் எழும்பும் மட்டும் பக்கத்திலேயே இருங்கள்.

தம்பிக்கும் சொல்லுங்கள், பவுடருக்கு வைத்த காசை மாதாமாதம் மீனுக்கும் முட்டைக்கும் அனுப்பட்டும். உங்கள் பெயருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் கையில் கொடுத்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருப்பார்.