கேளுங்க, சொல்றேன்: ஹைட்டிக்குப் போன கென்யா போலீசு

(போன இதழ்ல, அமெரிக்காவுக்குப் பக்கத்துல கரீபியன் கடல்ல இருக்க ஹைட்டி நாட்டு கேங் சண்டையப் பத்தி நாலே நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் கொஞ்சநஞ்சமில்ல. அதனால இந்தவாட்டி முழுக்க அதுதான்.)

அண்ணே, ஹைட்டில ரவுடிங்க அட்டகாசம்னா பக்கத்துல இருக்க அமெரிக்காக்காரன் போகாம, எங்கயோ ஆப்பிரிக்காவுல கெடக்குற கென்யா போலீசு ஏன் போச்சு?
(ஒரு வாசகர், செல்லூர்)

நானும் மொதல்ல இதத்தான் யோசிச்சேன். 2021 ஜூலை 7 அன்னைக்கு விடியுறதுக்குள்ள அந்த நாட்டு ஜனாதிபதி ஜொவெனெல் மொய்ஸ வீடு புகுந்து சுட்டுக் கொன்னுட்டாய்ங்க, அதுக்கப்புறம் எலெக்‌ஷனே நடக்கல, 2023 ஜனவரில மிச்சமிருந்த பத்து செனட்டருக்கும் பதவிக்காலம் முடிஞ்சதும் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்த ஆளுன்னு நாட்டுல ஒருத்தர்கூட இல்லாமப் போச்சு. பிரதமர் ஏரியல் ஹென்றி "யாராவது வந்து காப்பாத்துங்க"ன்னு 2022லயே கேட்டுட்டாரு. அமெரிக்காக்காரன் 1915லருந்து 1934 வரைக்கும் அந்த நாட்டப் பிடிச்சு வச்சிருந்தவன், மறுபடி பட்டாளத்த எறக்கினா ஊரே காறித் துப்பும்னு தெரியும், அதனால பணமும் வண்டியும் தர்றேன் ஆளு வேற யாராச்சும் அனுப்புங்கன்னு ஒதுங்கிக்கிட்டான். கென்யா கையத் தூக்குச்சு. 2023 அக்டோபர் 2ல ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலும் ஓகே சொல்லிருச்சு.

அதுக்கப்புறம்தான் கூத்தே. கென்யா தலைநகரம் நைரோபில இருக்க கோர்ட்டு, ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இல்லாம நம்ம போலீச வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு தடை போட்டுச்சு. சரி, கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்னு ஹென்றி நைரோபிக்குப் போனாரு பாருங்க, அந்த கேப்ல அதுவரைக்கும் ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டுக் கெடந்த கேங்கெல்லாம் ஒண்ணாச் சேந்து ஏர்போர்ட்ட மொய்ச்சு, ஜெயில ஒடச்சு 3,500 பேருக்கு மேல வெளிய விட்டுட்டாய்ங்க. மனுசன் சொந்த ஊருக்குத் திரும்பவே முடியாம ராஜினாமா பண்ணிட்டாரு. 2024 ஜூன் 25ல கென்யாவோட மொத செட்டு, சுமார் 400 பேரு, ஹைட்டி தலைநகரம் போர்ட்-ஒ-பிரின்ஸ்ல போய் எறங்குச்சு. அதே நாள்ல நைரோபில வரி மசோதாவ எதுத்து ஜனம் பார்லிமென்ட்டுக்குள்ளயே புகுந்து, கென்யாவுல மிச்சமிருந்த போலீசு சொந்த ஜனத்த சுட்டுச்சு. எப்டி இருக்கு பாருங்க.

தம்பி, நான் ரிட்டயர்டு ஏட்டு. ஆயிரம் பேரு துப்பாக்கியோட போயும் ஒரு டவுன அடக்க முடியலங்கிறது எனக்கு வெளங்கல. கென்யா போலீசு அம்புட்டு லாயக்கில்லாததா?
(உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்)

ஐயா, உங்களுக்குத் தெரியாததா. மொதல்ல கணக்கச் சொல்லிர்றேன், திட்டம் போட்டது 2,500 பேருக்கு, எல்லா நாட்டையும் சேத்து கடைசியா அங்க நின்னது ஆயிரம் பேரச் சுத்தித்தான். ஐ.நா. அனுமதி குடுத்துச்சே ஒழிய சம்பளம் குடுக்கல, மனசிருக்கவன் உண்டியல்ல போடுங்கன்னு விட்டுட்டாய்ங்க, அமெரிக்கா போட்டதுதான் பெருசு.

ஆனா ஆளு பத்தலங்கிறது பாதிதான். சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டத்துலருந்து போலீசு வரும்ல, அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு விடியக்காலம் கோரிப்பாளையத்துல ஒரு டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். பேரிகார்டு பக்கத்துல நின்ன ஒரு சின்னப் பையன், மீசைகூட சரியா மொளைக்கல, கான்ஸ்டபிள், டீக்கடைக்காரர்ட்ட வந்து "அண்ணாச்சி, யானைக்கல்லு எந்தப் பக்கம்?"னு மெதுவா கேக்குறான். ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடிதான் ஒரு பாட்டி அவன்ட்ட அதே யானைக்கல்லுக்கு வழி கேட்டுட்டு நிக்கிது. இது தமிழ் பேசுற ஊர்ல தமிழ் பேசுற பையன். கென்யாக்காரனுக்குத் தெரிஞ்சது சுவாஹிலியும் இங்கிலீசும், ஹைட்டி ஜனம் பேசுறது கிரியோல், ஒருத்தன் ஓடியாந்து "அந்தச் சந்துல நிக்கிறாய்ங்க"ன்னு கத்துனாலும் மொழிபெயர்ப்பாளர் வந்தாத்தான் புரியும்.

நீங்க பட்டா புக்ல கையெழுத்துப் போட்டு ராத்திரி ரவுண்டு போனவரு. எந்த வீட்டுப் பையன் திடீர்னு புது பைக்குல வர்றான், எவன் கடையில மாமூல் வசூல் பண்றான்னு உங்களுக்கு பீட்லயே தெரிஞ்சிரும். குண்டு தொளைக்காத வண்டிக்குள்ள உக்காந்து கண்ணாடி வழியா பாத்தா என்னத்தத் தெரியும்? அவய்ங்க காலையில ஒரு தெருவப் பிடிப்பாய்ங்க, ராத்திரி அதுல நிக்க ஆளு இருக்காது, கேம்புக்குத் திரும்பினதும் கேங்கு மறுபடி வந்து உக்காந்துக்கும். போலீசுக்கு வழி காட்டுன வீட்டுக்காரன் கதி என்னாகும்னு நீங்களே யோசிங்க. 2024ல மட்டும் 5,600 பேருக்கு மேல செத்தாய்ங்கன்னு ஐ.நா. கணக்கு சொல்லுது. கென்யாக்காரன் லாயக்கில்லன்னு நான் சொல்ல மாட்டேன், அவன்லயும் ஆளு செத்திருக்கான். உள்ளூர் போலீசு செய்யுற வேலைய பட்டாளம் மாதிரி செய்யச் சொன்னது யாருன்னுதான் கேக்கணும்.

ஐ.நா. தன்னோட அமைதிப்படைய, அந்த நீலத் தொப்பிப் படையவே நேரா அனுப்பியிருக்கலாமே?
(கல்லூரி மாணவி, திருமங்கலம்)

அனுப்புனாய்ங்கம்மா, 2004லருந்து 2017 வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. 2010 பூகம்பத்துக்கப்புறம் நேபாளத்துலருந்து வந்த அமைதிப்படை கேம்ப்போட கக்கூஸ் கழிவு ஆத்துல கலந்து காலரா பரவிருச்சு. நம்ம ஆண்டிபட்டிப் பக்கம் வைகையில அசிங்கத்தக் கலந்துவிட்டு மதுரைக்காரன் அதக் குடிக்கிற மாதிரி. பத்தாயிரம் பேருக்குக் கிட்ட செத்தாய்ங்க. ஐ.நா. பல வருசம் மழுப்பிட்டு 2016 கடைசிலதான் மன்னிப்பு கேட்டுச்சு. இன்னொண்ணு நமக்கு சுருக்குன்னு தைக்கிறது: 2007ல நூத்துக்கும் மேல இலங்கை ராணுவத்தாள, அங்க பொண்ணுங்கள சீரழிச்ச புகார்ல திருப்பி அனுப்புனாய்ங்க. இதெல்லாம் பாத்த ஜனம் நீலத் தொப்பியப் பாத்தா கும்பிடவா செய்யும்?

ஹைட்டில துப்பாக்கி ஃபேக்டரி இருக்கா அண்ணே?
(மேலூர் வாசகர்)

ஒண்ணுகூட இல்ல. பெரும்பாலும் அமெரிக்காவுல, அதுலயும் ஃப்ளோரிடாவுல வாங்கி, அரிசி, பழைய துணி வர்ற கண்டெய்னர்ல ஒளிச்சு வர்றதுதான். போலீசுக்குக் காசு குடுக்குறதும் அந்த நாடு, கேங்குக்குத் துப்பாக்கி வர்றதும் அந்த நாட்டு ஹார்பர்லருந்து. இத அடைக்காம எத்தன போலீச அனுப்பினாலும் ஓட்டக் கொடத்துல தண்ணி புடிக்கிற கதைதான்.

இந்தியா போலீசு இந்த மாதிரி வேலைக்குப் போயிருக்கா?
(அரசரடி)

போயிருக்கு. 2007ல லைபீரியாவுக்கு முழுக்க முழுக்க பொம்பளைங்க மட்டுமே இருந்த சி.ஆர்.பி.எஃப் படை போச்சு, ஐ.நா. வரலாற்றுலயே அதுதான் மொதத் தடவ. ஆனா அங்க உள்நாட்டுச் சண்ட நின்னு நாலு வருசம் ஆயிருச்சு. ஹைட்டியோட ஒப்பிட முடியாது.

இப்ப என்னதான் நெலம?
(திருப்பரங்குன்றம்)

2025 செப்டம்பர் 30ல, கென்யா தலைமையில இருந்த படைய மாத்திட்டு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில்ல 'கேங் ஒடுக்குமுறைப் படை'ன்னு 5,550 பேருக்குப் புதுசா தீர்மானம் போட்டாய்ங்க. சீனா, ரஷ்யா, பாகிஸ்தான் மூணும் ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிச்சு. எனக்குப் பெருசா நம்பிக்க இல்ல. ஹைட்டி போலீசுக்கே ஆளு எடுத்து ட்ரெயினிங் குடுத்து, சம்பளத்த ஒழுங்காக் குடுத்திருந்தா இந்நேரம் பாதி தூரம் வந்திருக்கலாம்.

அந்த கேங் லீடருக்கு 'பார்பெக்யூ'ன்னு பேராமே, நெசமாவா?
(சிம்மக்கல்லிலிருந்து ஒரு கறிதோசைப் பிரியர்)

நெசந்தான். ஜிம்மி ஷெரிசியே. எங்கம்மா ரோட்டோரம் கோழி பொரிச்சு வித்தாங்க, அதான் அந்தப் பேருன்னு அவரு சொல்றாரு. வீட்ட வச்சு எரிச்சதால வந்த பேருன்னு மத்தவங்க சொல்றாங்க. கேங்குக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு என்ன வேல பாத்தாரு தெரியுமா? போலீசு. உசிலம்பட்டி ஐயா கவனிக்க, உங்க டிபார்ட்மென்ட்டுதான்.